மலைப்பூண்டுக்குக் கிரிப்டோவில் காசு வாங்குவது எப்படி

கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு போட்டிருக்கிறீர்கள், இல்லை தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காப்பி வைத்திருக்கிறீர்கள். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் ஒருவர், சுற்றுலா வந்தபோது வாங்கிப்போன ருசி நாக்கிலேயே நிற்க, வாட்ஸப்பில் கேட்கிறார்: "அண்ணா, இருபது கிலோ வேணும், யூஎஸ்டிடியா அனுப்பினா வாங்கிக்குவீங்களா?" யூஎஸ்டிடி என்பது கிரிப்டோ காயின்களில் ஒன்று, அதாவது நோட்டாக இல்லாமல் இணையத்திலேயே கைமாறும் காயின். அதை வாங்கலாமா, வாங்கினால் எப்படி, வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்பதைத்தான் எழுதப்போகிறேன். காயினைக் கொடுத்துப் பொருள் வாங்க நினைப்பவருக்கும் கொஞ்சம் இருக்கிறது, அது பின்னால் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையை ரூபாயில் பேசுங்கள், காயினாக வந்ததை அன்றைக்கே ரூபாயாக்குங்கள், முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்து மாற்றாதீர்கள். பூண்டு விலையே ஒரு வருஷம் ஏறி ஒரு வருஷம் படுத்துக்கொள்கிறது, அதன் தலையில் காயின் விலையையும் ஏற்றி வைத்தால் விவசாயிக்குத் தூக்கம் போய்விடும்.

யாருக்கு இது தேவை, யாருக்குத் தேவையே இல்லை

உள்ளூரில் விற்பதற்கு இது வேண்டவே வேண்டாம். ஜிபே, போன்பே எல்லாம் செலவில்லாமல் ஒரு நொடியில் வேலையை முடிக்கும்போது, நாலு ஆப் வழியாகச் சுற்றி ஒரு சதவீதம் பிடித்தம் கொடுத்து அதே காசை வாங்க யாருக்கும் தலையெழுத்து இல்லை. வடுகபட்டிப் பூண்டு மார்க்கெட்டுக்கும் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கும் லோடு போடுகிறவர்களுக்கும் இதில் ஒன்றும் இல்லை. மண்டிக்காரர் சரக்கு வாங்குகிறவர் மட்டும் கிடையாது, விதைப்பூண்டு வாங்கவும் உரம் வாங்கவும் கையில் காசு இல்லாத மாதத்தில் முன்பணம் தருகிறவரும் அவர்தான். கமிஷன் பிடிக்கிறார், எடையில் கழிவு பிடிக்கிறார் என்று நாம் புலம்பினாலும் அந்த முன்பணத்துக்கு மாற்று எந்தக் காயினிலும் இல்லை. "கிரிப்டோ வந்தால் இடைத்தரகர் ஒழிவார்" என்று பேசுகிறவர்களிடம், ஆடி மாசத்தில் விதைக்கு யார் காசு கொடுப்பார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அப்போ யாருக்குத்தான் உதவும்? ஏற்கெனவே காயின் வைத்திருந்து அதைச் செலவழிக்க ஆசைப்படும் நகரத்து வாடிக்கையாளர், நேரடியாகத் தோட்டத்தில் இருந்து வாங்குகிறவர், மாதாமாதம் காப்பித்தூளும் தேனும் பூண்டும் சேர்த்துப் பார்சல் கேட்பவர். இவர்களை இழக்க வேண்டாம் என்றால் கற்றுக்கொள்ளலாம். பொருளும் கெடாததாக இருக்க வேண்டும். காய்ந்த பூண்டு, காப்பி, மிளகு சரி. பிளம்ஸ், பட்டர்புரூட், பீன்ஸ் வேண்டாம், காசு வருமா வராதா என்று ஒரு நாள் இழுத்தாலே பழம் கனிந்துவிடும்.

காயினுக்குப் பண்ணைப் பொருள் விற்பது புதுசும் இல்லை. 2011-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அல்பாக்கா வளர்க்கும் ஒரு பண்ணை, கம்பளிக் காலுறையை பிட்காயினுக்கு விற்றுப் பெயர் வாங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் கிரிப்டோ வைத்திருப்பது குற்றம் இல்லை. அதே சமயம் அது செல்லுபடியாகும் பணமும் இல்லை, யாரும் உங்களை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களோடு வங்கிகள் தொடர்பு வைக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் வரி வந்தது. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகளை, அதாவது காயினை வாங்கவும் விற்கவும் ஆப் நடத்தும் நிறுவனங்களை, பண மோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, எஃப்ஐயு என்கிற நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யச் சொன்னார்கள். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கிரிப்டோவும் ஒருவகைச் சொத்துதான், அதற்கு உரிமை கொண்டாடலாம் என்று சொல்லியிருக்கிறது.

ஆக, நீங்கள் செய்வது பண்டமாற்று. பூண்டைக் கொடுத்து ஒரு சொத்தை வாங்குகிறீர்கள். வரிக் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான் ஓடுகிறது.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய் வேறு விஷயம், இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். 2022 டிசம்பர் 1 முதல் அது பொதுமக்களிடம் சோதனை ஓட்டத்தில் இருக்கிறது. அது ரூபாயேதான், யாராவது அதில் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் இதை இங்கேயே மூடிவிட்டுப் போய்விடலாம். சிங்கப்பூர்ச் சொந்தக்காரர் கடைக்குப் பூண்டு அனுப்பினாலும் ஏற்றுமதிப் பணம் அந்நியச் செலாவணி விதிப்படி வங்கி வழியாகத்தான் வர வேண்டும், காயினாக வாங்கினால் வம்பு. வட்டக்கானலில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர் காப்பித்தூள் வாங்கிவிட்டு பிட்காயின் தரட்டுமா என்று கேட்டாலும், நானாக இருந்தால் சிரித்துவிட்டு ரூபாய் நோட்டுதான் கேட்பேன்.

கணக்கு யார் பெயரில்

நம் ஊரில் பெரிய சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கும். பட்டா அப்பா பெயரில் இருக்கும், தோட்டத்தைப் பார்ப்பது அண்ணன், போனில் ஆப் வைத்திருப்பது காலேஜ் படிக்கும் தம்பி மகன். காசு தம்பி மகன் கணக்கில் வந்து விழும். நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் அது விவசாய வருமானம் என்று அந்தப் பையனால் எப்படிக் காட்ட முடியும்? அதனால் எக்ஸ்சேஞ்ச் கணக்கும், பான் கார்டும், வங்கிக் கணக்கும் விவசாயம் பண்ணுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். ஆப்பைத் தட்டுவதற்குப் பையன் பக்கத்தில் உட்காரலாம், தப்பில்லை.

எக்ஸ்சேஞ்ச் எஃப்ஐயு-வில் பதிவு செய்ததா என்று பாருங்கள். அப்புறம் பலர் பார்க்காத ஒன்று: அந்த ஆப்பில் வெளியில் இருந்து காயின் வாங்கிப் போட முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஆப்களில் ரூபாய் போட்டுக் காயின் வாங்கலாம், விற்கலாம், ஆனால் வெளியாள் அனுப்பும் காயின் உள்ளே வராது, அல்லது சில காயின்களுக்கு மட்டும் வரும். டெபாசிட் என்ற பகுதிக்குள் போய், எந்தக் காயின், எந்த நெட்வொர்க் (காயின் வந்து சேரும் பாதை), குறைந்தபட்சம் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே வாடிக்கையாளரிடம் சரி என்று சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு தனியாக ஒன்று திறங்கள். பிஎம் கிசான் பணம் வருகிற கணக்கு, கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் ஓடுகிற கணக்கு, குழந்தைகள் படிப்புக்கு வைத்திருக்கும் கணக்கு, இதில் எதையும் எக்ஸ்சேஞ்சோடு இணைக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எக்ஸ்சேஞ்சிடம் விடாமல் காயினை நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பான சொந்த வாலட் வேண்டுமா என்றால், புதிதாக ஆரம்பிப்பவருக்கு வேண்டாம் என்பேன். சொந்த வாலட்டில் வாங்கினால் அதை எக்ஸ்சேஞ்சுக்கு நகர்த்த இன்னொரு கட்டணம், அதற்கு ட்ரான் நெட்வொர்க் என்றால் ட்ரான் காயின் கொஞ்சம் தனியாக வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் யூஎஸ்டிடி இருந்தும் அசைக்க முடியாமல் முழிப்பவர்கள் நிறைய. அதைவிட, யூஎஸ்டிடி என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு போலி டோக்கன் உருவாக்கலாம், சொந்த வாலட்டில் அது அச்சு அசலாகத் தெரியும். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு அதை அனுப்பினால் உங்கள் கணக்கில் ஏறவே ஏறாது, ஏமாறவும் வழியில்லை.

இல்லை, எனக்குச் சொந்த வாலட்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். வாலட் ஆப் 12 அல்லது 24 சொற்கள் கொடுக்கும், அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கிறதோ காசு அவருடையது. போட்டோ எடுக்கக்கூடாது, வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளவும் கூடாது. காகிதத்தில் எழுதச் சொல்வார்கள், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மேல்மலையில் சுவரே ஓதம் காத்து நிற்கும்போது பீரோவுக்குள் இருக்கும் காகிதம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் படித்துவிடுவார், எவர்சில்வர் தட்டில் வெட்டலாம் என்று பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் கதை முடிந்தது. நீங்களே ஒரு ஆணியை வைத்துத் தகரத்தில் கீறிக்கொள்வதுதான் வழி, அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

எந்தக் காயின்

விலை ஏறி இறங்காத காயினாக வாங்குங்கள், நடைமுறையில் யூஎஸ்டிடி அல்லது யூஎஸ்டிசி. இரண்டும் ஒரு டாலரை ஒட்டி நிற்கும்படி செய்யப்பட்டவை. பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போய், அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. அறுவடைக் காசை அந்த ஊஞ்சலில் உட்கார வைக்க வேண்டாம்.

டாலரை ஒட்டி நிற்கும் என்றேன், அதுவும் சத்தியம் இல்லை. 2022 மே மாதம் டெரா யூஎஸ்டி என்ற காயின் சில நாளில் தரைமட்டம் ஆனது. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு வங்கி கவிழ்ந்தபோது யூஎஸ்டிசி கூட இரண்டு நாள் 88 சென்ட் அளவுக்கு இறங்கி மீண்டது. ஆகவே ராத்திரி தங்கவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் போட்டு வைப்பதும் அப்படித்தான். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புக் காயின் திருடு போனது, அங்கே வைத்திருந்தவர்கள் தங்கள் காயினை எடுக்க ஒரு வருஷத்துக்கும் மேல் காத்துக்கிடந்தார்கள்.

வியாபாரம் எப்படி நடக்க வேண்டும்

ஒரு பேரத்தை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை எழுதிக் காட்டுகிறேன், விலையும் ரேட்டும் உதாரணத்துக்கு, அன்றைய நிலவரத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சரக்கு என்ன என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். பிடுங்கிய பூண்டு காயக் காய எடை இறங்கும், பச்சைப் பூண்டு எடைக்குப் பேசிக் காய்ந்த பூண்டை எதிர்பார்க்கிறவரோடு சண்டை வராமல் இருக்காது. அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டு வைத்த பூண்டா, புதுசா, எந்த அளவுப் பூண்டு, எல்லாம் சொல்லிவிடுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் வெளியூர்ப் பூண்டை விற்பது கூடிவிட்டது என்பதால், நகரத்து ஆட்கள் சந்தேகத்தோடுதான் வருவார்கள். சாக்கில் கட்டுவதற்கு முன்னால் தராசில் வைத்த படமும், பூண்டைப் பிரித்துப் பல் தெரிகிற படமும் அனுப்பினால் பாதிப் பேச்சு குறையும். பிளாக்செயின் என்கிற கம்ப்யூட்டர் பதிவேடு போட்டால் பூண்டு எந்த ஊர் என்று நிரூபிக்கலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம், சாக்குக்குள் என்ன கட்டினோம் என்பது நமக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அப்புறம் இந்த மாதிரி ஒரு மெசேஜ்:

"தம்பி, மலைப்பூண்டு, காய்ஞ்சது, நடுத்தர சைஸ், 20 கிலோ. கிலோ 350 வீதம் 7,000. சாக்கு, ஏத்துக்கூலி, பார்சல் 400. மொத்தம் 7,400 ரூபா. இப்ப 11 மணிக்கு என் ஆப்ல யூஎஸ்டிடி விக்கிற ரேட் 92.50, அந்தக் கணக்குல 80 யூஎஸ்டிடி. ட்ரான் நெட்வொர்க் மட்டும். இந்த ரேட் மத்தியானம் 1 மணி வரைக்கும்தான். முதல்ல 10 அனுப்புங்க, வந்துருச்சுன்னு நான் போன் பண்ணினப்புறம் மீதி 70. எடை குறைஞ்சா, கெட்டுப்போயிருந்தா ரெண்டு நாளுக்குள்ள படத்தோட சொல்லுங்க, ரூபாயா உங்க பேங்குக்குத் திருப்பி அனுப்புவேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. ரேட் எதில் எடுத்தது என்று சொல்லாவிட்டால் அவர் கூகுளில் டாலர் விலையைப் பார்த்து அதை வைத்துக் கணக்குப் போடுவார், இந்திய எக்ஸ்சேஞ்சில் யூஎஸ்டிடி பெரும்பாலும் டாலர் விலையைவிடக் கூடுதலாகத்தான் ஓடும், இரண்டுக்கும் நடுவில் யார் நஷ்டப்படுவது என்று இழுபறி வரும். வாங்கும் ரேட்டும் விற்கும் ரேட்டும் வேறு வேறு, உங்களுக்கு வேண்டியது விற்கும் ரேட். நேர எல்லை வைக்காவிட்டால் சாயங்காலம் ரேட் மாறிய பிறகு அனுப்பிவிட்டு "காலையில் நீங்கதானே சொன்னீங்க" என்பார்.

நெட்வொர்க் பெயர் மிக முக்கியம். ட்ரான் முகவரி T என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும், எதீரியம் என்ற இன்னொரு நெட்வொர்க்கின் முகவரி 0x என்று ஆரம்பிக்கும். உங்கள் எக்ஸ்சேஞ்ச் ஏற்காத நெட்வொர்க்கில் அனுப்பினால் காயின் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, மீட்பதற்கு எக்ஸ்சேஞ்சுக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். முகவரியைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், காப்பி செய்து அனுப்பிவிட்டு, அவரை முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் போனில் வாசிக்கச் சொல்லுங்கள். காப்பி செய்த முகவரியை மாற்றி வைக்கும் வைரஸ்கள் இருக்கின்றன. பழைய பட்டியலில் இருந்து முகவரியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், முதலும் கடைசியும் ஒரே மாதிரி இருக்கும் போலி முகவரியில் இருந்து சில்லறை அனுப்பி அந்தப் பட்டியலில் நுழைந்துகொள்ளும் திருடர்கள் உண்டு.

முதலில் பத்து, பிறகு எழுபது என்பது சோதனைக்காக. ஆப் ஏற்கும் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் அந்தப் பத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே காணாமல் போய்விடும்.

இப்போது அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சரக்கு ஏற்றாதீர்கள். ஜிபே-யில் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டும் ஆட்கள் இதிலும் உண்டு. அவரிடம் டிரான்சாக்ஷன் ஐடி கேளுங்கள், ட்ரான்ஸ்கேன் இணையதளத்தில் அதைப் போட்டால் யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று உலகத்துக்கே தெரியும், அதில் உங்கள் முகவரி இருக்கிறதா, வெற்றி என்று காட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கும் மேல் உங்கள் ஆப்பில் இருப்பு ஏறியதா என்பதே கடைசிப் பேச்சு. கவுஞ்சி, கூக்கால் பக்கம் சிக்னல் போய்விட்டால் பதற வேண்டாம், உங்கள் போன் அணைந்திருந்தாலும் காயின் வந்து சேர்ந்துவிடும், பார்ப்பதற்குத்தான் சிக்னல் வேண்டும். பார்க்காமல் சரக்கை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

தெரியாத வாடிக்கையாளர் "முழுக் காசும் முன்னாடியே தரணுமா" என்று தயங்குவார், அதுவும் நியாயம்தான், ஏனென்றால் அனுப்பிய காயினை யாராலும் திரும்ப இழுக்க முடியாது. பாதி முன்னால், மீதி லாரி ஆபீஸ் எல்.ஆர் ரசீதின் படம் பார்த்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வியாபாரிகளோடு ரொம்ப நாளாக நடப்பதும் இந்த முறைதான். மிச்சத்தைத் தராவிட்டால் பார்சலை விடுவிக்க வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லி வைக்கலாம். நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பவர் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துத்தான் மலை ஏற வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

காயின் ஏறியதும் அதே ஆப்பில் விற்று, ரூபாயாக்கி, வங்கிக்கு எடுங்கள். விற்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடிப்பார்கள், 7,400 ரூபாய்க்கு 74 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. இதையெல்லாம் கிலோ விலையிலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள். காயினாகக் கொடுப்பது அவர் வசதி, அந்தச் செலவு அவருடையது.

கணக்கு முடங்குவது

இந்த வியாபாரத்தில் நான் ரொம்பப் பயப்படுவது இதற்குத்தான், காயின் விலை இறங்குவதற்கு இல்லை. ஆப்பில் பிடூபி என்று ஆளுக்கு ஆள் நேரடியாகக் காயின் விற்கும் ஒரு பகுதி இருக்கும், டெலிகிராமில் குழுக்களும் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் ரேட்டைவிட இரண்டு மூன்று ரூபாய் கூடத் தருகிறேன், டிடிஎஸ்ஸும் இல்லை, என் வங்கியில் இருந்து நேரடியாக உங்கள் வங்கிக்குப் பணம் என்பார்கள். ஏன் கூடத் தருகிறார் என்று யோசிக்க வேண்டும். எங்கோ ஒரு பெரியவரை போனில் போலீஸ் மாதிரிப் பேசி டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பிடுங்கிய பணம் நாலு கணக்கு தாண்டி உங்கள் கணக்குக்கு வருகிறது, காயின் அந்தத் திருடன் கைக்குப் போய்விடுகிறது. ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் போட்டதும் பணம் போன தடம் முழுக்க எல்லாக் கணக்கையும் முடக்குவார்கள். குஜராத்திலோ தெலங்கானாவிலோ இருக்கும் ஒரு சைபர் கிரைம் போலீஸ் நிலையத்தில் இருந்து உங்கள் வங்கிக்குக் கடிதம் வரும், நீங்கள் வத்தலக்குண்டில் ஏடிஎம் முன்னால் நின்றுகொண்டு ஏன் பணம் வரவில்லை என்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். பூண்டு விற்ற காசு என்று நூறு தடவை சொன்னாலும் கணக்கு உடனே திறக்காது.

இதனால்தான் பிஎம் கிசான் கணக்கையும் பயிர்க்கடன் கணக்கையும் விலக்கி வைக்கச் சொன்னேன்.

எக்ஸ்சேஞ்சிலேயே விற்றால் பணம் எக்ஸ்சேஞ்சின் கணக்கில் இருந்து வரும், இந்த ஆபத்து பெருமளவு குறையும். அப்படியும் முடங்கினால் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் போலீஸ் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்குப் பிடித்தம். பல நேரம் தகராறு ஐயாயிரம் ரூபாய்க்காக இருக்கும், முழுக் கணக்கும் நிற்கும், அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். கூடவே பில், வாட்ஸப் பேச்சு, டிரான்சாக்ஷன் ஐடி, எல்.ஆர் ரசீது, எக்ஸ்சேஞ்ச் அறிக்கை எல்லாம் வைத்து அந்தப் போலீஸ் நிலையத்துக்கு மெயிலிலும் தபாலிலும் அனுப்புங்கள். காகிதம் வைத்திருப்பவருக்குச் சீக்கிரம் விடிவு வரும். அதற்காகவே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, வாங்கியவர் பெயர், கிலோ, ரூபாய் மதிப்பு, காயின் எண்ணிக்கை, அன்றைய ரேட், ஐடி, விற்ற தொகை, பிடித்த டிடிஎஸ்.

வரி

தோட்டத்தில் விளைந்ததை அப்படியே விற்ற வருமானம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி கிடையாது. காசாக வாங்கினாலும் காயினாக வாங்கினாலும் பூண்டு பூண்டுதான். ஆனால் அந்தக் காயினை விற்கும்போது தனிக் கணக்கு ஆரம்பிக்கிறது. கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் முடியாது.

நம் உதாரணத்தில் 7,400 ரூபாய்ப் பூண்டுக்கு வந்த 80 யூஎஸ்டிடியை அன்றைக்கே 7,400 ரூபாய்க்கு விற்றால் லாபம் ஒன்றும் இல்லை, வரியும் இல்லை. ஆறு மாதம் வைத்திருந்து 8,000 ரூபாய்க்கு விற்றால் 600 ரூபாய் லாபம், அதற்கு வரி. பூண்டாக இருந்தவரை வரி இல்லாத காசு, காயினாகத் தூங்கிய நாட்களுக்கு வரி கட்டுகிறது. அன்றைய ரூபாய் மதிப்பைக் குறித்த பில் இல்லாவிட்டால் வாங்கிய விலை பூஜ்யம் என்று எடுத்து முழுத் தொகைக்கும் கேட்டாலும் நம்மால் வாதாட முடியாது.

வேறு வரி கட்ட வேண்டியது இல்லை என்றால், பிடித்த ஒரு சதவீதம் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். கிரிப்டோ விற்றவர் ஐடிஆர் 1 போட முடியாது, 2 அல்லது 3 போட்டு அதில் கிரிப்டோவுக்கான அட்டவணையை நிரப்ப வேண்டும். கொடைக்கானலிலோ வத்தலக்குண்டிலோ ஒரு ஆடிட்டரிடம் நோட்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

காப்பிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. சொந்தத் தோட்டத்துக் காப்பியைப் பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 சதவீதமும், வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதமும் வியாபார வருமானமாகக் கணக்கில் வரும். ஆன்லைனில் காயினுக்கு விற்பவர்கள் பெரும்பாலும் தூள்தான் விற்கிறார்கள், விவசாயம் என்று சொல்லி முழுக்கத் தப்பிக்க முடியாது.

பெரிய பேரம் என்றால் டிடிஎஸ் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பூண்டைக் கொடுத்துக் காயின் வாங்கும்போது, சட்டத்தின் பார்வையில் காயினை வாங்குகிறவர் நீங்கள். அதற்கு விலையாகப் பொருளைக் கொடுக்கிறீர்கள், ஆகவே எதிராளி ஒரு சதவீத வரியைக் கட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சரக்கை விடுவிக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு வருகிறது. வியாபார வருமானம் இல்லாதவருக்கும் வருஷம் ஒரு கோடிக்குள் வியாபாரம் செய்பவருக்கும், நிதியாண்டில் 50,000 ரூபாய் தாண்டாதவரை இந்தத் தொல்லை இல்லை, மற்றவர்களுக்கு எல்லை 10,000 ரூபாய். அந்த 50,000-க்குள் நின்றுகொள்ளுங்கள் என்பது என் யோசனை. அதற்கு மேல் வாங்குகிறவரிடம் ரூபாயில் வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

காயின் கொடுத்து வாங்குகிறவருக்கு

சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து காயினைக் கொடுத்துக் காப்பி வாங்கலாம் என்று நினைப்பவர் மறப்பது ஒன்று: காயினைச் செலவழித்தாலும் விற்றதாகத்தான் கணக்கு. 20,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயின் இன்றைக்கு 50,000 மதிப்பு என்றால், அதைக் கொடுத்து 50,000 ரூபாய்க்குக் காப்பியும் மிளகும் வாங்கிய நொடியில் உங்களுக்கு 30,000 லாபம், 9,000 வரி, செஸ் சேர்த்து 9,360. விவசாயிக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, உங்கள் ரிட்டர்னில் நீங்கள்தான் காட்ட வேண்டும். வரி பிடிக்காத இடம் என்று நினைத்துத் தோட்டக்காரர் தலையில் பழைய காயினைத் தள்ளிவிட்டால், நாளைக்கு நோட்டீஸ் இரண்டு வீட்டுக்கும் போகும்.

விவசாயியிடம் பேரம் பேசும்போது காயின் தருகிறேன் என்பதைச் சலுகை மாதிரி சொல்லாதீர்கள். அவருக்கு அது கூடுதல் வேலை. ரூபாயில் அவர் சொல்லும் விலையை ஒத்துக்கொண்டு, மாற்றுச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

காயின் விற்க வருகிறவர்கள்

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, டீ பஜ்ஜி கொடுத்து, "விவசாயிகளுக்கென்றே ஒரு காயின், ஏலக்காய்த் தோட்டம் பின்னால் இருக்கிறது, மாதம் இத்தனை சதவீதம்" என்று பேசினால் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பொருள் வாங்க வருகிறவர் எடை கேட்பார், சைஸ் கேட்பார், விலையைக் குறைக்கப் பார்ப்பார். உங்களையே காயின் வாங்கச் சொல்லி, இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொல்பவருக்குப் பூண்டு வேண்டாம்.

ரிமோட்டில் உதவுகிறேன் என்று எனிடெஸ்க் மாதிரி ஆப் போடச் சொல்பவர், "பணம் வந்துவிட்டது, எடுக்க முதலில் வரி கட்டுங்கள்" என்பவர், எக்ஸ்சேஞ்ச் கஸ்டமர் கேர் என்று தானாகவே போன் செய்பவர், எல்லாரும் ஒரே கூட்டம். பணம் போய்விட்டால் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே 1930.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு

நிறுவனமாகப் பதிவு செய்து பங்குதாரர்களோடு நடத்துகிறீர்கள் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்கள் கிரிப்டோ வைத்திருப்பதையும் அதில் வந்த லாப நஷ்டத்தையும் நிதி அறிக்கையில் காட்ட வேண்டும். வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது மேனேஜர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். யாராவது வாடிக்கையாளர் பிடிவாதமாகக் காயின்தான் தருவேன் என்றால், அவரே எக்ஸ்சேஞ்சில் விற்று ரூபாயாக நிறுவனக் கணக்குக்கு அனுப்பட்டும், அவருக்கு அது பத்து நிமிஷ வேலை.